பி.எல்.சி. கம்யூனிகேஷன் மாட்யூல்: மில்லிலும் பட்டறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் பேனல் கட்டும் தம்பிகளும் மில் எலக்ட்ரீஷியன் அண்ணன்களும் ஃபோன் போட்டுக் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதி வைத்திருக்கிறேன். பி.எல்.சி. என்பது மெஷினை ஓட்டும் சின்னக் கணினி. அது கரண்ட் மீட்டர், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் போன்றவற்றோடு பேசுவதற்கு மாட்டுவதுதான் கம்யூனிகேஷன் மாட்யூல். நம் பக்கத்து ஸ்பின்னிங் மில், சாயப்பட்டறை, ஃபவுண்டரி எல்லாவற்றிலும் அதிகம் ஓடுவது ஆர்.எஸ்.485 கம்பியில் மாட்பஸ் ஆர்.டி.யூ.தான், அதனால் பேச்சும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும். ஈதர்நெட் பின்னால் வருகிறது.

ஏனுங்க, பி.எல்.சி.யிலயே ஒரு போர்ட் இருக்குது, அப்புறம் எதுக்குங்க தனியா ஒரு கம்யூனிகேஷன் மாட்யூல்?

எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. டெல்டாவின் சிறிய பி.எல்.சி.கள் பலவற்றில் 485 போர்ட் கூடவே வருகிறது. நாலு மீட்டரும் ரெண்டு டிரைவும் படிக்க அதுவே போதும். சீமென்ஸ் எஸ்7-1200 எடுத்தால் சி.பி.யு.வில் ஈதர்நெட் மட்டும்தான், அதனால் 485-க்கு சி.எம்.1241 போன்ற மாட்யூலைத் தனியாக வாங்கியாக வேண்டும். இருக்கிற போர்ட்டை எச்.எம்.ஐ. எனும் ஆபரேட்டர் திரை பிடித்துக்கொண்டிருந்தாலும் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். ஆர்டர் போடும் முன் உங்கள் பி.எல்.சி.யின் முழு மாடல் நம்பரைப் பாருங்கள், பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 485 என்பது கம்பியில் சிக்னல் எப்படிப் போக வேண்டும் என்கிற ஏற்பாடு. மாட்பஸ் என்பது அந்தக் கம்பியில் என்ன கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்கிற ஒப்பந்தம். மோடிகான் கம்பெனி தன் பி.எல்.சி.களுக்காக 1979-இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் அதுவேதான் ஓடுகிறது. "485 இருக்கு, ஆனா பேசல" என்று யாராவது சொன்னால் கோளாறு இந்த ரெண்டில் எதில் என்று முதலில் பிரிக்க வேண்டும், கீழே உள்ள பாதிக் கேள்விகள் அதற்காகத்தான்.

கரண்டை ஆஃப் பண்ணாம மாட்யூலை மாட்டலாங்களா? மெஷினை நிறுத்துனா ஓனர் சத்தம் போடறாருங்க.

ஆஃப் செய்துதான் மாட்ட வேண்டும். ஓட்டத்திலேயே கழற்றி மாட்டலாம் என்று கம்பெனியே அனுமதிக்கிற வகைகள் உண்டு, ஆலன் பிராட்லியின் கன்ட்ரோல்லாஜிக்ஸ், சீமென்ஸின் ஈ.டி.200எஸ்.பி. போல. நம் பக்கம் சாதாரணமாகப் பார்க்கிற எஸ்7-1200, மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யு, டெல்டா டி.வி.பி. எல்லாம் அந்த வகை அல்ல. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். மாட்யூலோடு சேர்ந்து சி.பி.யு.வும் போனால் எத்தனை நாள் மெஷின் நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள், ஓனர் சத்தம் தானாகக் குறையும்.

ஆஃப் செய்வதற்கு முன்னால் புரோகிராமை லேப்டாப்பில் எடுத்து வையுங்கள். பழைய பி.எல்.சி. சிலவற்றில் புரோகிராம் பேட்டரியை நம்பித்தான் உள்ளே இருக்கிறது. பேட்டரி செத்து, கரண்ட் இருக்கும் வரை தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் ஆஃப் செய்த அன்றைக்குப் பழி உங்கள் மேல் விழும்.

எந்தப் பக்கம் மாட்டுவது என்பதிலும் குழப்பம் வருகிறது. எஸ்7-1200-இல் ஐ.ஓ. (இன்புட்-அவுட்புட்) மாட்யூல் வலது பக்கம், கம்யூனிகேஷன் மாட்யூல் இடது பக்கம், அதிகபட்சம் மூன்று. எஃப்.எக்ஸ்.3யு-விலும் 485 அடாப்டர் இடது பக்கம்தான், ஆனால் அதற்கு முன்னால் சி.பி.யு.வின் முகத்தில் ஒரு சின்ன போர்டு மாட்ட வேண்டும். அடாப்டரை மட்டும் ஆர்டர் போட்டுவிட்டு, அது வந்ததும் எங்கே சொருகுவது என்று தெரியாமல் ஃபோன் செய்பவர்கள் நிறைய.

485-க்கு என்ன கேபிளுங்க ஓட்டறது? ஸ்டோர்ல லேன் கேபிள் மிச்சம் கெடக்குது, அதையே ஓட்டிரலாமா?

இரண்டு கம்பி முறுக்கி, மேலே ஷீல்டு போட்ட கேபிள் வேண்டும். 485-க்கு என்றே 120 ஓம் கேபிள் கிடைக்கிறது, பெல்டன் 9841 அதில் பலருக்கும் தெரிந்த நம்பர். அதே அளவில் நம் நாட்டுக் கம்பெனிகளும் போடுகின்றன. லேன் கேபிள் 100 ஓம். ஒரு பேனலுக்குள், அல்லது பக்கத்துப் பேனல் வரை 9600 வேகத்தில் (செகண்டுக்கு 9600 பிட்) ஓட்டினால் பிரச்சினை இருக்காது, ஆனால் ஒரே ஜோடியின் இரண்டு கம்பியையும் 485-இன் ஏ, பி என்ற இரண்டு டெர்மினலுக்கு எடுக்க வேண்டும். நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று எடுத்தால் முறுக்கின் பலனே போய்விடும். மோட்டார் கன்ட்ரோலுக்கு ஓட்டும் சாதா மல்டிகோர் கேபிளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

கேபிள் எந்த வழியில் போகிறது என்பது கேபிளின் தரத்தைவிட முக்கியம். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் கட்டிவிட்டால் நல்ல கேபிளும் வீண்தான். குறைந்தது ஒரு அடி தள்ளிப் போகட்டும், குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் நேர் குறுக்காகத் தாண்டட்டும்.

ஏ எது, பி எது? ஒரு மீட்டர்ல ஏ-ன்னா பிளஸ்ங்கறாங்க, இன்னொண்ணுல மைனஸ்ங்கறாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், குழப்பம் கம்பெனிகள் செய்தது. 485-இன் ஸ்டாண்டர்டுப்படி லைன் சும்மா இருக்கும்போது பி-தான் பிளஸ். ஆனால் சிப் செய்யும் கம்பெனிகள் பலவும் ஏ-யைப் பிளஸ் என்று போட்டுவிட்டன, மீட்டர் செய்பவர்களில் பாதிப் பேர் அதைப் பின்பற்றுகிறார்கள். சீமென்ஸில் பி பிளஸ். டி பிளஸ், டி மைனஸ் என்று போட்டிருந்தால் தொல்லையே இல்லை.

எழுத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். மீட்டரை லைனில் இருந்து கழற்றி, பவர் மட்டும் கொடுத்து, இரண்டு டெர்மினலுக்கும் நடுவே டி.சி. வோல்ட் வையுங்கள். பிளஸ் காட்டுகிற பக்கம்தான் பிளஸ். சில மீட்டரில் ஒன்றுமே காட்டாது, அப்போது மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏ, பி மாறிப் போனதால் எதுவும் எரிந்துவிடாது, பேசாது, அவ்வளவுதான். ஆனால் 24 வோல்ட் சப்ளையை அந்த டெர்மினலில் கொடுத்தால் கட்டாயம் எரியும், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அதுவும் நடக்கிறது.

120 ஓம் ரெசிஸ்டரை எல்லா மீட்டர்லயும் போடோணுங்களா?

கூடாது. லைனின் இரண்டு கடைசியில் மட்டும், மொத்தம் இரண்டே ரெசிஸ்டர், இதைத்தான் டெர்மினேஷன் என்கிறோம். சில மாட்யூலிலும் டிரைவிலும் இது உள்ளேயே இருக்கும், சின்ன ஸ்விட்ச் வைத்து ஆன் செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற டிரைவில் அந்த ஸ்விட்ச் ஆனாகவே வந்திருக்கலாம், அதையும் பாருங்கள். பேனலுக்குள் ரெண்டு மீட்டர் தூரம்தான் லைன் என்றால் ரெசிஸ்டர் இல்லாமலும் ஓடும்.

இதைச் சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். லைனில் உள்ள எல்லாவற்றுக்கும் பவரை ஆஃப் செய்துவிட்டு ஏ-பி நடுவே ஓம் வையுங்கள். 60-க்குப் பக்கத்தில், சில லைனில் 55 வரை இறங்கிக் காட்டினால் நல்லது. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் எங்கேயோ கம்பி விட்டிருக்கிறது. 40 என்றால் மூன்றாவதாக ஒன்றை யாரோ போட்டிருக்கிறார்கள். சைஃபரை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஒரு நிமிஷ வேலை, ஆனால் நான் போகிற இடத்தில் யாரும் இதைச் செய்து வைத்திருப்பதில்லை. மாட்யூல் போயிருச்சு என்று புதுசுக்கு மட்டும் கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பார்கள்.

மூணாவது வயரு ஒண்ணு கிரவுண்டுன்னு போட்டிருக்குதுங்க, அதை விட்டுட்டா என்ன? ரெண்டு வயர்லயே ஓடுதே.

ஒரே பேனல், ஒரே 24 வோல்ட் சப்ளை என்றால் ஓடும். பிளோ ரூமில் ஒரு பேனல், கம்ப்ரஸர் ஷெட்டில் ஒரு பேனல் என்று தள்ளி இருந்தால் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் இருக்கும். 485 சிப் தாங்குவது தன் கிரவுண்டிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான், அதைத் தாண்டினால் முதலில் எரர், அப்புறம் சிப்பே போகும். கேபிளில் மூன்றாவதாக ஒரு கம்பி எடுத்து எல்லா மாட்யூலின் சிக்னல் கிரவுண்டையும் இணையுங்கள். தூரம் அதிகமானால் ஐசொலேட்டட் ரிப்பீட்டர் (இரண்டு பக்கத்து மின் இணைப்பையும் பிரித்து, சிக்னலை மட்டும் கடத்தும் பெட்டி) போடுவது நல்லது.

ஷீல்டு வேறு, இந்த கிரவுண்ட் கம்பி வேறு. மாட்பஸ் லைனில் ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். புரொஃபிபஸ் என்ற வேறு வகை லைனில் இரண்டு பக்கமும் செய்யச் சொல்வார்கள், அங்கே வேகம் அதிகம், விஷயமே வேறு. எந்த லைனானாலும் ஷீல்டைப் பின்னிப் பின்னி அரை அடி வால் விட்டு எர்த் பண்ணாதீர்கள், கிளாம்ப் வைத்துப் பிடியுங்கள்.

ஒரே லைன்ல எத்தனை மீட்டர் மாட்டலாம், எத்தனை தூரம் போகலாமுங்க?

கணக்குப்படி 32 யூனிட் லோடு (ஒரு கருவி லைனில் ஏற்றும் சுமையின் அளவு), 1,200 மீட்டர் தூரம். ஆனால் அந்தத் தூரம் வேகம் குறைவாக இருக்கும்போது மட்டும்தான். இன்றைய மீட்டர்களில் பலவும் முழு யூனிட் லோடு எடுப்பதில்லை, எட்டில் ஒரு பங்கு எடுப்பவை வந்துவிட்டன, அதனால் 32-க்கு மேலும் மாட்டலாம். மாட்பஸில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாகக் கொடுக்கிற நம்பரான அட்ரஸை 1 முதல் 247 வரை கொடுக்க முடியும்.

மாட்யூலின் சொந்த வரம்பையும் பார்க்க வேண்டும். எஃப்.எக்ஸ்.3யு-வில் முகத்தில் மாட்டுகிற 485 போர்டுக்கு ஐசொலேஷன் இல்லை, மொத்தம் 50 மீட்டருக்குத்தான். இடது பக்கம் மாட்டுகிற 485 அடாப்டர் என்றால் 500 மீட்டர். விலை வித்தியாசத்தைப் பார்த்து போர்டை வாங்கிவிட்டு ஷெட் ஷெட்டாகக் கேபிள் ஓட்டினால் அது கம்பெனி தப்பு இல்லை.

லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு திசைக்கும் கிளை விட்டால் சிக்னல் ஒவ்வொரு முனையிலும் மோதித் திரும்பும்.

எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கறேன், ஒண்ணுமே பேச மாட்டேங்குது. எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?

பி.எல்.சி.யை விட்டுவிட்டு லேப்டாப்பில் ஆரம்பியுங்கள். ஒரு யு.எஸ்.பி.-485 கன்வர்ட்டர், கியூமாட்மாஸ்டர் போல இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள், இரண்டும் பையில் எப்போதும் இருக்கட்டும். லைனை முழுக்கக் கழற்றி, ஒரே ஒரு மீட்டரை ஒரு முழ வயரில் லேப்டாப்போடு இணைத்துப் படியுங்கள். படித்துவிட்டால் மீட்டர் நல்லது, அட்ரஸ், வேகம், பேரிட்டி (பிழை பார்க்கும் பிட்) எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. படிக்காவிட்டால் பிரச்சினை அந்த ஒரு முழத்துக்குள் இருக்கிறது, மில் முழுக்கத் தேட வேண்டியதில்லை. அப்புறம் அதே மீட்டரை அதே வயரில் பி.எல்.சி.யோடு இணையுங்கள். அது ஓடியதும் நீள லைன், அதற்கப்புறம் ஒவ்வொரு மீட்டராகச் சேருங்கள். அவசரத்தில் இருபது மீட்டரையும் ஒன்றாக மாட்டிவிட்டுத் தேடுவதுதான் நேரத்தைத் தின்கிறது.

மாட்யூலில் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று இரண்டு லைட் இருந்தால் அவை பாதிக் கதையைச் சொல்லிவிடும். டி.எக்ஸ். மினுக்கவே இல்லை என்றால் பி.எல்.சி. கேள்வியே கேட்கவில்லை, கம்பியைத் தொடாமல் புரோகிராமைப் பாருங்கள். டி.எக்ஸ். மினுக்குகிறது, ஆர்.எக்ஸ். இருட்டு என்றால் கேள்வி போகிறது, பதில் இல்லை: ஏ-பி மாறியிருக்கும், அட்ரஸ் அல்லது வேகம் தப்பாக இருக்கும், கம்பி விட்டிருக்கும். இரண்டும் மினுக்கியும் எரர் வந்தால் பதில் வருகிறது, கெட்டுப்போய் வருகிறது. பேரிட்டி, டெர்மினேஷன், நாய்ஸ் (வெளியிலிருந்து லைனில் ஏறும் மின் இரைச்சல்) பக்கம் போங்கள்.

எட்டு-நன்-ஒண்ணு, எட்டு-ஈவன்-ஒண்ணுங்கறாங்களே, எதுங்க போடறது?

எது வேண்டுமானாலும், எல்லாவற்றிலும் ஒன்றேபோல் இருந்தால் சரி. முதல் எண் டேட்டா பிட், நடுவில் பேரிட்டி (நன் என்றால் இல்லை), கடைசி எண் ஸ்டாப் பிட். மாட்பஸ் ஸ்டாண்டர்டு சொல்வது எட்டு-ஈவன்-ஒன்று. பேரிட்டி வேண்டாம் என்றால் ஸ்டாப் பிட் இரண்டு. நடைமுறையில் பாதி மீட்டர்கள் எட்டு-நன்-ஒன்றில்தான் வருகின்றன. டெல்டா பி.எல்.சி.யின் 485 போர்ட் பெட்டியிலிருந்து எடுத்ததும் 9600, ஏழு-ஈவன்-ஒன்று, அதுவும் ஆஸ்கி முறையில் (மாட்பஸை எழுத்துகளாக அனுப்பும் இன்னொரு முறை) இருக்கும். ஆர்.டி.யூ. மீட்டரோடு அது பேசவே பேசாது. பி.எல்.சி. உள்ளே டி1120 என்ற மெமரி இடத்தில் வேகமும் பேரிட்டியும் எழுதி, எம்1120 என்ற பிட்டை ஆன் செய்து அதைப் பிடித்து வைத்து, எம்1143-ஐ ஆன் செய்து ஆர்.டி.யூ.வுக்கு மாற்ற வேண்டும்.

செட்டிங் மாற்றியும் பழையபடியே நடந்தால் மீட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். புது அட்ரஸையும் வேகத்தையும் பவர் வந்த பிறகுதான் எடுத்துக்கொள்கிற டிரைவ்களும் மீட்டர்களும் உண்டு.

மேனுவல்ல 40101-ன்னு இருக்குதுங்க, அதையே போட்டா எரர் 02 வருது.

முதலில் சந்தோஷப்படுங்கள். எரர் 02 வந்தால் கம்பி, வேகம், அட்ரஸ் எல்லாம் சரி. மீட்டர் உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டு, அப்படி ஒரு ரெஜிஸ்டர், அதாவது மதிப்பு வைக்கும் இடம், என்னிடம் இல்லை என்று பதில் சொல்கிறது. எரர் 01 என்றால் அந்த ஃபங்ஷன் கோடு (என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நம்பர்) அதற்குத் தெரியாது.

முதலில் வரும் 4, ஹோல்டிங் ரெஜிஸ்டர் என்பதைக் காட்டுகிறது, அதை ஃபங்ஷன் 03 வைத்துப் படிக்க வேண்டும். 3-இல் ஆரம்பித்தால் 04. மீதி நம்பரில் ஒன்றைக் கழித்தால் கம்பியில் போகிற அட்ரஸ், அதாவது 40101 என்பது 100. சில மென்பொருள் தானே கழித்துக்கொள்ளும், சிலது கழிக்காது. எஸ்7-1200-இன் மாட்பஸ் மாஸ்டர் (கேள்வி கேட்கும்) பிளாக்கில் 40101 என்றே கொடுக்கலாம். டெல்டா டிரைவ் மேனுவலில் ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்) இருக்கும்: அவுட்புட் ஃப்ரீக்வென்ஸி 2103 என்றால் அது டெசிமலில் 8451. சந்தேகம் என்றால் முன்னும் பின்னும் ஒரு நம்பர் தள்ளிப் படித்துப் பாருங்கள், படிப்பதால் எதுவும் கெடாது. எழுதுவதில் மட்டும் இப்படி விளையாடக் கூடாது.

மீட்டர்ல 230 வோல்ட் காட்டுது, ஸ்கிரீன்ல 17254-ன்னு வருதுங்க. மாட்யூல் கோளாறுங்களா?

கோளாறே இல்லை, சரியாகப் படித்துத் தப்பாகக் காட்டுகிறது. மீட்டர் 230.0 என்பதை ஃப்ளோட்டாக (புள்ளி உள்ள எண்ணின் வடிவம்), இரண்டு ரெஜிஸ்டரில் வைத்து அனுப்புகிறது. ஹெக்ஸில் அது 4366, 0000. நீங்கள் முதல் ரெஜிஸ்டரை மட்டும் சாதாரண எண்ணாக எடுத்தால் 4366 ஹெக்ஸ் என்பது 17254. இரண்டையும் சேர்த்து ஃப்ளோட்டாக எடுத்தால் 230 வந்துவிடும்.

சேர்த்த பிறகு சைஃபர் காட்டினால் இரண்டு ரெஜிஸ்டரும் இடம் மாறி வருகிறது என்று அர்த்தம், மாற்றிப் போடுங்கள். டிரைவில் 5000 என்று வந்தால் அது ஃப்ளோட் விஷயம் இல்லை, 50.00 ஹெர்ட்ஸைப் புள்ளி இல்லாமல் அனுப்புகிறது, நூறால் வகுங்கள்.

ஒரு மீட்டர் நல்லாப் படிக்குது. ரெண்டாவதைச் சேர்த்தா ரெண்டுமே நின்னுக்குதுங்க.

இரண்டுக்கும் ஒரே அட்ரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். புது மீட்டர்கள் பெரும்பாலும் 1 என்ற அட்ரஸோடுதான் வரும், இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லி ஒன்றையொன்று கெடுக்கும்.

அட்ரஸ் வேறு வேறு என்றால் புரோகிராமைப் பாருங்கள். இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. முதல் கேள்விக்குப் பதிலோ எரரோ வந்த பிறகுதான் அடுத்தது. அப்புறம், ஆர்.டி.யூ. லைனில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். எச்.எம்.ஐ.யும் பி.எல்.சி.யும் ஒரே லைனில் மாஸ்டராக இருந்தால், அல்லது ஆடிட்டுக்கு வந்தவர்கள் ஈ.எம்.எஸ். (மின் செலவைக் கண்காணிக்கும்) பெட்டியை அதே லைனில் தொங்கவிட்டுப் போயிருந்தால், சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது.

ஒரு மீட்டரை மெயின்டனன்ஸுக்கு ஆஃப் பண்ணுனா மத்த எல்லாமே ஸ்லோ ஆயிருதுங்களே?

9600 வேகத்தில் ஒரு எழுத்து (பைட்) போக ஒரு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். பத்து ரெஜிஸ்டர் கேட்டுப் பதில் வாங்கும்போது கேள்வி 8, பதில் 25, மொத்தம் 33 எழுத்து, கிட்டத்தட்ட 38 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்கும் நேரமும் நடுவில் விடும் இடைவெளியும் சேர்த்து 70 என்று வையுங்கள், இருபது மீட்டரை ஒன்றரை செகண்டில் சுற்றி வந்துவிடலாம். செத்த மீட்டருக்கு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) ஒரு செகண்ட், மூன்று முயற்சி என்று இருந்தால், அது ஒன்றுக்காக மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செகண்ட் காத்துக்கிடக்கிறது.

டைம்அவுட்டை 200, 300 மில்லி செகண்டுக்குக் குறையுங்கள். தொடர்ந்து பதில் சொல்லாத மீட்டரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கிற மாதிரி புரோகிராம் எழுதினால் இன்னும் நல்லது.

ராத்திரி நல்லா ஓடுது, காத்தால மெஷினெல்லாம் ஸ்டார்ட் ஆனா கம்யூனிகேஷன் கட் ஆகுதுங்க.

இது நாய்ஸ், முக்கால்வாசி டிரைவிலிருந்து வருவது. எந்த மெஷின் ஸ்டார்ட் ஆனால் கட் ஆகிறது என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் கண்டுபிடியுங்கள். அந்த டிரைவின் மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதா, ஷீல்டு எர்த் ஆகியிருக்கிறதா, 485 கேபிள் அதன் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். டிரைவ் உள்ளே ஸ்விட்ச் செய்யும் வேகமான கேரியர் ஃப்ரீக்வென்ஸியை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4-க்குக் குறைத்தால் நாய்ஸ் இறங்கும், மோட்டார் கொஞ்சம் விசிலடிக்கும். கான்டாக்டர் இழுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் காயிலில் ஸர்ஜ் சப்ரஸர் போடுங்கள், பி.எல்.சி.க்கும் சோலனாய்டு வால்வுகளுக்கும் ஒரே 24 வோல்ட் சப்ளை இருந்தால் பிரித்துக் கொடுங்கள்.

சாயப்பட்டறையில் இன்னொரு காரணமும் உண்டு. ஆவி, உப்பு, ஆசிட் புகை எல்லாம் பேனலுக்குள் ஏறி டெர்மினலைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கும், கம்பியை உருவினால் செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிரும். லேன் பிளக் என்றால் உள்ளே இருக்கிற எட்டுக் காலில் ரெண்டு மூன்று கறுத்திருக்கும். அதிர்வு வரும்போது தொடர்பு விட்டு விட்டு வருவதால் பார்ப்பவர்களுக்கு நாய்ஸ் மாதிரியே தோன்றும். லக் அடித்து மாட்டுங்கள், கிளாண்டில் ஓட்டை விடாதீர்கள். பேனல் கதவைத் திறந்து போட்டு ஃபேன் வைக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி சரியாகும்.

ஈதர்நெட்ல பிங் வருது, ஆனா டேட்டா வரலைங்க.

பிங் (அந்த ஐ.பி. அட்ரஸில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் சோதனை) வந்தால் கம்பியும் ஐ.பி.யும் சரி என்று மட்டும் தெரியும், பதில் சொல்வது உங்கள் பி.எல்.சி.தானா என்பது தெரியாது. கேபிளைப் பி.எல்.சி.யிலிருந்து உருவிவிட்டு மறுபடி பிங் அடியுங்கள். அப்போதும் பதில் வந்தால் அதே ஐ.பி.யை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். சீமென்ஸ் புரோகிராமில் தானாக விழுகிற 192.168.0.1 பல வைஃபை ரௌட்டருக்கும் சொந்த அட்ரஸ். கேமரா மாட்ட வந்தவர் ரௌட்டரை அதே ஸ்விட்சில் சொருகிவிட்டுப் போனால் முடிந்தது. மெஷின் நெட்வொர்க்குக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள்.

ஐ.பி. சரி என்றால் மாட்பஸ் டி.சி.பி.க்கு (ஈதர்நெட்டில் ஓடும் மாட்பஸ்) போர்ட் 502 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கேட்வே (ஈதர்நெட்டையும் 485 லைனையும் இணைக்கும் பெட்டி) இருந்தால் யூனிட் ஐ.டி.யில் பின்னால் இருக்கிற மீட்டரின் அட்ரஸைக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இணையலாம் என்ற வரம்பு உள்ள கருவிகள் உண்டு, எச்.எம்.ஐ.யும் ஸ்காடாவும் (கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் மென்பொருள்) இடத்தைப் பிடித்திருந்தால் உங்களுக்குக் கதவு திறக்காது. புரொஃபிநெட் என்ற ஈதர்நெட் முறை என்றால் ஐ.பி.யைவிட டிவைஸ் பெயர் முக்கியம், ஒரு எழுத்து மாறினாலும் ஏறாது. தாமிரக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கம்யூனிகேஷன் வயரு அந்துபோச்சு, ஆனா டிரைவ் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க. பயந்துட்டோம்.

டிரைவுக்குக் கடைசியாகக் கிடைத்த உத்தரவு ஓடு என்பது, அதனால் ஓடுகிறது. பேச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதனிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். டெல்டாவின் பல மாடல்களில் 09-03 என்ற செட்டிங்கில் டைம்அவுட், 09-02-இல் என்ன செய்வது என்பதும் இருக்கும். டைம்அவுட் சைஃபராக இருந்தால் டிரைவ் கவனிக்கவே கவனிக்காது. நேரம் கொடுத்து, மெதுவாக நிற்கும்படி வைத்தால், கம்பி அறுந்ததும் சி.இ.10 என்று காட்டிவிட்டு நிற்கும். வைத்த பிறகு ஒருமுறை கம்பியை உருவிப் பாருங்கள்.

எமர்ஜென்ஸி ஸ்டாப் மட்டும் எப்போதும் தனிக் கம்பியில்தான். 485 வழியாகவோ ஈதர்நெட் வழியாகவோ எமர்ஜென்ஸி கொடுத்திருக்கும் பேனலை ஓட்ட விடாதீர்கள், கட்டியவர் யாராக இருந்தாலும் சரி.

வருசா வருசம் சித்திரை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் மாட்யூல் போகுதுங்க.

ஷெட்டுக்கு ஷெட் வெளியே கேபிள் போகிற இடத்தில்தான் இப்படி நடக்கும். பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் இரண்டு ஷெட்டின் எர்த்துக்கும் நடுவே கண நேரம் பெரிய வோல்டேஜ் எழும், அதற்கு நடுவே இருக்கிற ஒரே வழி உங்கள் 485 கம்பி. மேலே மூன்றாவது கம்பி பற்றிச் சொன்ன அதே விஷயம், அளவு மட்டும் பல மடங்கு. கேபிள் ஷெட்டுக்குள் நுழையும் இடத்தில் 485-க்கான ஸர்ஜ் அரெஸ்டர் இரண்டு முனையிலும் போட்டு, அதன் எர்த் கம்பியைக் குட்டையாக எடுங்கள். இன்னும் நல்லது, கட்டிடத்துக்குக் கட்டிடம் ஃபைபர் ஓட்டுவது. கண்ணாடியில் கரண்ட் போகாது. வருஷம் ரெண்டு மாட்யூல் வாங்குகிற காசோடு ஒப்பிட்டால் கன்வர்ட்டர் விலை பெரிதில்லை.

மாட்யூல் நெசமாவே போயிருச்சான்னு எப்படிங்க உறுதியாச் சொல்றது?

பவரை ஆஃப் செய்து, கம்பியைக் கழற்றி, ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கும் பி-யிலிருந்து கிரவுண்டுக்கும் ஓம் பாருங்கள். நல்ல மாட்யூலில் இரண்டும் கிலோ ஓம் கணக்கில், ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஒரு பக்கம் சில ஓம் மட்டும் காட்டினால் உள்ளே சிப் ஷார்ட், சந்தேகமே வேண்டாம். அதே மாடலில் நல்லது ஒன்று கைவசம் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓம் சரியாக இருந்தும் டி.எக்ஸ். லைட் மினுக்கும்போது ஏ-பி நடுவே மல்டிமீட்டர் கொஞ்சமும் ஆடவில்லை என்றால் அனுப்புகிற பக்கம் போயிருக்கலாம். அதே வயரில் லேப்டாப் கன்வர்ட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

புதுசு வாங்கும்போது மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். எஸ்7-1200 போன்றவற்றில் புது மாட்யூல் மாட்டியும் சிவப்பு லைட் எரிந்தால் பெரும்பாலும் புரோகிராமில் பழைய நம்பரோ பழைய ஃபர்ம்வேர் வெர்ஷனோ இருக்கும். ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனில் அதை மாற்றி மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டும். அந்தப் புரோகிராம் பேனல் கட்டியவரிடம் மட்டும் இருக்கிறது, அவர் ஃபோன் எடுப்பதில்லை என்று சொல்வீர்கள். அதனால் பேனல் வரும் அன்றைக்கே, கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், புரோகிராமையும் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிவிடுங்கள்.